பன்னிரண்டு மணித் திருடன்

எங்கள் வீட்டுக்காரர் பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு கொடுத்தது பஸ் கம்பெனிதான். அவர் அதை வாங்கிக்கொள்ளவே இல்லை. இன்றைக்கும் தெருமுனையில் பஸ் வந்து நின்றால், இறங்குகிறவர்களின் கையைத்தான் முதலில் பார்ப்பார். முகமெல்லாம் அப்புறம். டெப்போவில் அவருக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். அந்தப் பெயர் வந்த காரணம் கல்யாணமான புதிதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கடைக்குப் போய்விட்டு வந்தேன், “பில்லைக் காட்டு” என்று கையை நீட்டினார். நானும் அசட்டுத்தனமாக எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்து, ஓரத்தில் துளி கிழித்துத் திருப்பிக் கொடுத்தார். சோதித்த டிக்கெட்டைக் கிழிக்கிற பழக்கம். அன்று தொடங்கி இந்த வீட்டில் எல்லோரும் பயணிகள்தான்.

கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். யாரிடமும் ஒரு காப்பிக்குக்கூடக் கை நீட்டியதில்லை. சொந்த அண்ணனையே டிக்கெட் இல்லாமல் பிடித்து அபராதம் போட்டவர். அண்ணி அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. “ரசீது கொடுத்தேனே, அப்புறம் என்ன கோபம்?” என்று இவர் இன்றைக்கும் என்னிடம் கேட்கிறார்.

வேலையில் அவர் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. சத்தம் போடுகிறவனிடம் டிக்கெட் இருக்கும். ஜன்னலோரமாக அமைதியாக உட்கார்ந்திருப்பவனிடம்தான் இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு வருகிறவனைத்தான் முதலில் எழுப்ப வேண்டும். இந்தக் கணக்கு பஸ்ஸில் சரியாக வந்திருக்கலாம். வீட்டுக்குள் அதைக் கொண்டுவந்ததில்தான் வினை.

ஏனென்றால் எங்கள் வீட்டில் அமைதியான ஆள் ஒருத்தி இருந்தாள். என் தங்கை. அவள் வீட்டுக்காரன் அவளை விட்டுவிட்டுப் போனபிறகு ஒரே ஒரு பையோடு எங்களிடம் வந்தவள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை வேலை. விடிவதற்குள் கிளம்பி, மதியம் திரும்பிவிடுவாள். சாயங்காலம் வரை கம்ப்யூட்டரில் ஏதோ பாடம் படிப்பாள். அந்தப் படிப்பை முடித்தால் ஊசி குத்துகிற வேலையிலிருந்து மைக்ராஸ்கோப் பார்க்கிற வேலைக்கு மாறலாமாம். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். எனக்கு அவள் தங்கை மட்டும் இல்லை. நான் வாய் விட்டுப் பேச இந்த வீட்டில் இருந்த ஒரே ஆள். அவள் இங்கே இருப்பாளா, போய்விடுவாளா என்பதுதான் இத்தனை வருஷமாக எனக்கு இருந்த பயம். மகன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபோதுகூட நான் அவ்வளவு கலங்கவில்லை.

அவளுக்கு இந்த வீட்டுச் சாவி கிடையாது. இவர் கொடுக்கவில்லை. “சாவி ரெண்டு போதும். மூணாவதா ஒண்ணு இருந்தா பூட்டு எதுக்கு?” என்பார். நான் வெளியே போயிருக்கிற நாளில் தங்கை மாடிப்படியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். இவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாலும் ஒரு தடவைக்கு மேல் பெல் அடிக்க மாட்டாள். பெல் அடித்தால் மட்டும் என்ன, கதவுக்குப் பின்னால் நின்று, “யாரு? எந்த யாரு?” என்று விசாரித்துத்தான் திறப்பார். “நான்தான் அத்தான்” என்று அவளும் தினமும் சொல்வாள்.

இனி அந்தக் கம்ப்யூட்டருக்கு வருகிறேன். மகன் ஊருக்குப் போகும்போது, “இது இனிமே ஓடாதும்மா, தூக்கிப் போட்டுடுங்க” என்று சொல்லிவிட்டுப் போன பழைய பெட்டி. தூக்கிப் போடுகிற மனுஷரா இவர்? அடுக்களைக்குப் போகிற நடையில் மேஜை போட்டு, மேலே பழைய போர்வை போர்த்தி, காலையில் காப்பி குடித்த கையோடு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். செய்தி, வானிலை, அப்புறம் பஸ் கம்பெனிக்குப் புகார். எந்த வண்டி எந்த நிறுத்தத்தில் நிற்காமல் போனது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுதிப் போடுவார். அவர்கள் பதில் போடுவதை நிறுத்தி ரொம்ப நாளாயிற்று.

அந்தப் பெட்டியையும் அவர் நம்பவில்லை. உள்ளே இருக்கிறதை யாரும் மாற்றிவிடக் கூடாதென்று, என் நகப்பூச்சை எடுத்து பின்பக்கத் திருகாணிகளில் எல்லாம் சிவப்புப் பொட்டு வைத்தார். சாயங்காலமானால் சுவிட்சை அணைப்பதோடு விட மாட்டார். பிளக்கையே பிடுங்கி ஆணியில் மாட்டிவிடுவார். “வயர் வழியாத்தான் எல்லாம் உள்ள வருது” என்பார். திரையின் வலது மூலையில் கீழே அவ்வப்போது ஒரு சின்னக் கட்டம் எட்டிப் பார்க்கும். புதுசு வந்திருக்கிறது போடட்டுமா, உங்கள் கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பு போதவில்லை என்று என்னவோ கேட்கும். “நான் கூப்பிடாம இவன் யாரு வர்றதுக்கு?” என்று, கறுப்பு இன்சுலேஷன் டேப்பை வெட்டி அந்த மூலையையே மூடி ஒட்டிவிட்டார். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

கொஞ்ச நாள் நிம்மதியாகப் போனது. அப்புறம் ஒரு காலையில், நான் அடுப்படியில் இருந்தபோது, நாற்காலி கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது.

“இங்க வா. இதைப் படி” என்று கூப்பிட்டார்.

போய்ப் பார்த்தேன். செய்தி வருகிற இடத்தில் செய்தி இல்லை. ஒரு சிவப்பு முக்கோணம், அதற்குக் கீழே எச்சரிக்கை: இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல, உங்கள் தகவல்களை யாரோ திருட முயற்சி செய்யலாம்.

“யாரோன்னு போட்டிருக்கு பார்” என்றார் இவர். குரலில் பயம் இல்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், சந்தோஷம்தான் இருந்தது. ஓய்வு பெற்றபிறகு அவருக்கு முதல் முதலாக ஒரு கேஸ் கிடைத்துவிட்டது.

மகனுக்குப் போன் போட்டார். அவன் அங்கிருந்து சொல்லச் சொல்ல இவர் இங்கே அமுக்கினார். பிரவுசரில் சேர்ந்திருக்கிற குப்பையை எல்லாம் அழிக்கச் சொன்னான், அழித்தார். மூடித் திறக்கச் சொன்னான், செய்தார். தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிற துணை நிரல்களை எடுக்கச் சொன்னான், ஒவ்வொன்றையும் “இது யார் வச்சது?” என்று கேட்டுக் கேட்டு எடுத்தார். கடைசியில் பிரவுசரையே நீக்கிவிட்டு மறுபடி போடச் சொன்னான். அதற்கும் அதே சிவப்பு முக்கோணம். சில பழைய பக்கங்கள் மட்டும் திறந்தன. பஸ் கம்பெனிப் பக்கமும் வானிலையும். பாங்க்கு, மெயில், பெரிய செய்தித்தாள் ஒன்றும் வரவில்லை. “அப்பா, அதைத் தூக்கிப் போடுங்கன்னு அன்னைக்கே சொன்னேன்” என்று மகன் போனை வைத்துவிட்டான்.

“இவனுக்கு ஏன் அதைத் தூக்கிப் போடறதுலயே குறி?” என்று இவர் என்னைப் பார்த்துக் கேட்டார். பெற்ற பிள்ளையும் சந்தேகப் பட்டியலில் ஏறிவிட்டான்.

அடுத்தது ரிப்பேர்க்காரர். ஸ்கூட்டரில் வந்து பெட்டியைக் கடைக்குத் தூக்கிப் போனார். இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்து, “சார், என் கடையில எல்லாப் பக்கமும் ஜம்முன்னு ஓடுது. இதுல ஒண்ணுமே இல்ல” என்றார். இங்கேயும் போட்டுக் காட்டினார், ஓடத்தான் செய்தது. இவர் கீழே குனிந்து நகப்பூச்சுப் பொட்டு உடைந்திருக்கிறதைக் காட்டினார். “திறக்காம எப்படி சார் பார்க்கிறது?” என்று அவர் கேட்டார். மறுநாள் காலை பழைய குருடி கதவைத் திறடி. சிவப்பு முக்கோணம் வந்து உட்கார்ந்துவிட்டது.

“அவன் ஏதோ கழட்டிட்டான்” என்றார் இவர்.

“கழட்டினா நேத்து எப்படி ஓடிச்சு?” என்றேன்.

“அதான் கெட்டிக்காரத்தனம்” என்றார்.

இதில் ஒரு விசேஷம் இருந்தது. காலையில் இவர் உட்கார்ந்தால் திருடன் திருடன் என்று அலறுகிற அந்தக் கம்ப்யூட்டர், மதியம் என் தங்கை உட்கார்ந்தால் சாதுவாக ஓடியது. வகுப்பு வந்தது, டீச்சர் பேசினாள், இவள் கேட்டு எழுதிக்கொண்டாள். இவர் போர்வை மடிக்கிற சாக்கில் பின்னால் நின்று பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“எனக்கு வரல. அவளுக்கு வருது.”

“அவளுக்குக் கைராசி” என்றேன் நான், விளையாட்டாக.

“டேப்பை யாரோ எடுத்து ஒட்டியிருக்காங்க. ஓரம் மேல தூக்கிட்டிருக்கு” என்றார் அவர். அவர் விளையாடவில்லை.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது தங்கையே வாயைத் திறந்தாள். அவள் தானாக வாயைத் திறப்பதே அபூர்வம்.

“அத்தான், அது பெரிய விஷயம் ஒண்ணுமில்ல. அந்த டேப்பைக் கொஞ்சம் எடுத்துட்டுப் பார்த்தீங்கன்னா…”

“டேப்ல யாரும் கை வைக்கக் கூடாது” என்றார் இவர்.

“இல்ல அத்தான், அதுக்குக் கீழ…”

“உனக்கு எப்படித் தெரியும் அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு?”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். “ஒண்ணுமில்ல அத்தான்” என்று எழுந்து போய்விட்டாள். நானாவது பின்னாலேயே போய் என்னடி என்று கேட்டிருக்கலாம். அடுப்பில் பால் இருந்தது, மறந்துபோனேன்.

பிரவுசரில் ஹிஸ்டரி என்று ஒரு இடம் இருப்பதை மகன்தான் ஒருநாள் போனில் சொல்லித் தொலைத்தான். எந்தப் பக்கத்தை எப்போது திறந்தார்கள், திறக்கப் பார்த்தார்கள் என்று அதில் வருமாம். செக்கருக்கு வேறென்ன வேண்டும்? மறுநாள் காலை காப்பியைக்கூடத் தொடாமல் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லை. பயந்துபோய் எட்டிப் பார்த்தால், மனுஷர் உறைந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்.

“ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல யாரோ இதுல உட்கார்ந்திருக்காங்க” என்றார். “ஒரு தடவை இல்ல. பல தடவை.”

நானும் பார்த்தேன். பன்னிரண்டு அடித்துச் சில நிமிஷம் கழித்துச் செய்தி, அப்புறம் வானிலை, அப்புறம் பஸ் கம்பெனி. தேதி மட்டும் எந்தக் காலத்துத் தேதியோ. எங்கள் மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வருஷம், ஜனவரி ஒன்று.

“தேதி தப்பா இருக்கே” என்றேன்.

“தேதியை மாத்தி வச்சுட்டுத்தான் பண்றாங்க. பழைய டிக்கெட்டை இஸ்திரி போட்டு எடுத்துட்டு வர்ற ஆளுங்களை நான் பார்த்ததில்லையா? ஆனா நேரத்தை மாத்த மறந்துட்டாங்க. அங்கதான் மாட்டறாங்க.” திரையில் விரலை வைத்தார். “இன்னொண்ணு பார். நான் எந்தப் பக்கம் பார்ப்பேனோ அதே பக்கம். அதே வரிசை. என் பழக்கவழக்கம் எல்லாம் தெரிஞ்ச ஆள். வெளியாள் இல்ல.”

வீட்டில் மூன்று பேர். இவர் படுத்தால் விடியும் வரை குறட்டை. நான் பக்கத்தில். மிச்சம் யார் என்று அவர் சொல்லவில்லை. தங்கையின் அறைக் கதவைப் பார்த்தார்.

“அவ எதுக்குங்க பஸ் கம்பெனியைப் பார்க்கணும்?” என்று கேட்டேன்.

“அதைத்தான் கண்டுபிடிக்கணும்.”

அன்று முதல் ராத்திரி படுக்கப் போகும்போது கீபோர்டையும் மவுஸையும் கழற்றிக் கொண்டுவந்து படுக்கையறை பீரோவில் வைத்துப் பூட்டினார். தங்கை ஹாலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருப்பாள். அவள் கண்ணெதிரில்தான் வயர் தொங்கத் தொங்க எடுத்துக்கொண்டு போவார். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி துணியை மடிப்பாள். காலையில் பீரோவைத் திறந்தால் என் துணிகளுக்கு நடுவிலிருந்து மவுஸ் வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கும்; ஒரு தடவை நான் அலறியே விட்டேன். இவர் எல்லாவற்றையும் கொண்டுபோய் மாட்டி, பிளக்கைச் சொருகி, நான்கு பக்கம் பார்த்து, அப்புறம் ஹிஸ்டரியைத் திறப்பார். பன்னிரண்டு மணி. இருக்கும்.

“கீபோர்டே இல்லாம எப்படிப் பண்ணுவாங்க?” என்று கேட்டேன்.

“தனியா ஒரு கீபோர்டு வச்சிருக்கணும்” என்றார்.

சிரிக்கத்தான் வேண்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தேகம் சளி மாதிரி. ஒருத்தருக்கு வந்தால் வீட்டில் எல்லோருக்கும் வரும். நானும் தங்கையைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டேன். முன்பெல்லாம் மதியம் வந்ததும் அடுப்படியில் என் பக்கத்தில் வந்து நிற்பவள், இப்போது போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். நான் துணி எடுக்கப் போனால், “சரிங்க, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டாள். யாரடி என்றால் “தெரிஞ்சவங்க” என்றாள். ஒருநாள் வேலை முடிந்து ரொம்ப நேரம் கழித்து வந்தாள். கேட்டால் பஸ் கிடைக்கவில்லை என்றாள். ஏதோ இருக்கிறது என்று எனக்கும் பட்டது. பட்டதை இவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே சாட்சிக் கூண்டில் ஏற்றியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தங்கைக்கு லீவு. இவர் வழக்கம்போல எல்லாவற்றையும் மாட்டி, ஹிஸ்டரியைப் பார்த்து, எழுந்து வந்தார். சட்டையை மாட்டி மேல் பட்டன் வரை போட்டிருந்தார். வேலைக்குப் போகிற நாளில் அப்படித்தான் போடுவார். தங்கை தலை துவட்டிக்கொண்டு அறையிலிருந்து வந்தாள்.

“உங்க பையைக் கொஞ்சம் காட்டுங்க” என்றார்.

இத்தனை வருஷமாக வா, போ என்று பேசிய வாய். உங்க, காட்டுங்க என்கிறது. பஸ்ஸில் முன்பின் தெரியாதவரிடம் பேசுகிற மரியாதை. அந்த மரியாதைதான் எனக்கு அறைந்த மாதிரி இருந்தது. நான் “என்னங்க இது” என்று வருவதற்குள் அவள் உள்ளே போய்ப் பையை எடுத்துவந்து மேஜைமேல் வைத்து ஜிப்பைத் திறந்தாள். டிக்கெட் இருக்கிறவர்கள்கூட ‘என்னையா கேட்கறீங்க’ என்று சண்டை போடுவார்களாம். இவள் அதுகூடக் கேட்கவில்லை.

அவர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். குடை. டிபன் பாக்ஸ். வேலைக்குப் போட்டுக்கொள்கிற வெள்ளைக் கோட்டு. தலைவலித் தைலம். கீபோர்டு இல்லை. கடைசியில் பக்கவாட்டு அறையிலிருந்து ஒரு சாவி வந்தது. நீலப் பிளாஸ்டிக் வில்லை கோத்த சாவி.

“இது என்ன சாவி?” என்றார்.

“அது இந்த வீட்டுச் சாவி இல்ல அத்தான்” என்றாள்.

அவள் சொன்னால் ஆயிற்றா? நேரே வாசல் கதவுக்குப் போனார். பூட்டில் நுழைத்துத் திருப்பிப் பார்த்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். திரும்பவில்லை. “ம், சரி” என்று கொண்டுவந்து மற்றச் சாமானோடு வைத்துவிட்டார். அவருக்கு வேண்டியது அது எங்கள் கதவைத் திறக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான். திறக்கவில்லை, கேஸ் முடிந்தது.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியாது. “உங்க கம்ப்யூட்டரும் வேண்டாம், உங்க காவலும் வேண்டாம்” என்று நடைக்குப் போனேன். பெட்டியைத் தள்ளிவிட்டிருப்பேன், கனமாக இருந்தது. கையில் அகப்பட்டது அந்தக் கறுப்பு டேப்தான். பிடித்து ஒரே இழுப்பு. கீழே நேரம் தெரிந்தது. பன்னிரண்டு மணி ஒன்பது நிமிஷம், அதன் அடியில் ஜனவரி ஒன்று, அந்தப் பழைய வருஷம்.

ஜன்னல் வழியாகக் காலை வெயில் நடை முழுக்க அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ இன்னும் பல்லே விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

“என்னங்க, மணி என்ன இப்ப?” என்றேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “எட்டரை.” திரையைப் பார்த்தார். “இதை யார் மாத்தினது?”

“யாரும் மாத்தல அத்தான்” என்றாள் தங்கை. குடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, அங்கிருந்து நகராமல் சொன்னாள். “உள்ள சின்னதா ஒரு பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாதப்ப நேரத்தை ஞாபகம் வச்சுக்கிறது அதோட வேலை. அது செத்துப்போச்சு. பிளக்குல இருக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. நீங்க சாயங்காலம் பிளக்கைப் பிடுங்கிடறீங்க, எல்லாம் மறந்துபோயிடுது. காலையில சொருகினதும் அது செஞ்ச வருஷத்துல இருந்து, ராத்திரி பன்னிரண்டுல இருந்து எண்ண ஆரம்பிக்குது. தேதி இவ்வளவு தள்ளிப் போனா பிரவுசர் எந்தப் பக்கத்தையும் நம்பாது. அதான் திருடன்னு சொல்லுது. நான் மதியம் டேப்பைத் தூக்கித் தேதியைச் சரி பண்ணிக்குவேன். திரும்ப ஒட்டி வச்சுடுவேன்.”

“அப்ப பன்னிரண்டு மணிக்குப் பார்க்கிறது?”

“நீங்கதான் அத்தான். காலையில.”

அவர் நம்பினார் என்றா நினைக்கிறீர்கள்? பிளக்கைப் பிடுங்கினார். கொஞ்சம் பொறுத்துச் சொருகினார். அது மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்து வந்ததும் மூலையைப் பார்த்தார். பன்னிரண்டு. மறுபடி பிடுங்கினார், சொருகினார். பன்னிரண்டு. ஹிஸ்டரியைத் திறந்தார். செய்தி, வானிலை, பஸ் கம்பெனி. அவரே கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பார்த்தவை. நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவு பேரைப் பிடித்த மனுஷர் தன்னையே பிடித்துவிட்டார். யாருக்கு ரசீது கொடுப்பார்?

“ஏன் சொல்லல?” என்று கேட்டார், தலையைத் திருப்பாமல்.

“சொல்ல வந்தேன் அத்தான்.”

அவளுக்கும் சேர்த்து நான் பேசினேன். அன்று நான் அவரை வாங்கிய வாங்கில் பக்கத்து வீட்டில் பல்விளக்குவது நின்றுபோயிற்று. உட்கார்ந்த இடத்தில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் ரிப்பேர்க்காரர் வந்து சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரியைப் போட்டார். “முதல்லயே இதைப் பார்த்திருக்கணும் சார், கடையிலயும் சரி, இங்க போட்டுக் காட்டினப்பவும் சரி, பழக்கதோஷத்துல தேதியைச் சரி பண்ணிட்டுப் போயிட்டேன்” என்றார். பழைய பேட்டரியை இவர் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். “இதை நான் எடுத்துட்டுப் போய் என்ன சார் பண்ணப்போறேன்?” என்று அவர் சிரித்துக்கொண்டே ஸ்கூட்டரை உதைத்தார். அப்புறம் செய்தி வந்தது, மெயில் வந்தது. சிவப்பு முக்கோணம் போன இடம் தெரியவில்லை.

அன்று மதியம் எங்கே என்று சொல்லாமல் இவர் வெளியே போனார். எனக்குச் சுருக்கென்றது, இனி யாரைப் பிடிக்கக் கிளம்பினாரோ. திரும்பி வந்து வாசலிலேயே நின்று பூட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். எட்டிப் பார்த்தேன். கையில் புதுச் சாவி, வெட்டின முனை இன்னும் மினுமினுவென்று இருந்தது. என்னைப் பார்த்ததும் திருட்டுத்தனம் பண்ணினவர் மாதிரி சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூன்றாவது சாவி. இந்த மனுஷரா? பாவி மனுஷர், வாயால் ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல் பூட்டுக்காரனிடம் போயிருக்கிறார் என்று மனசு குளிர்ந்துவிட்டது. இனிப் பயமில்லை, தங்கை எங்கேயும் போக மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பெல் அடித்தது. “யாரு?” என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டு திறந்தார். தங்கை செருப்பைக் கழற்றுவதற்குள் சாவியை நீட்டினார்.

“இந்தா. உனக்குத்தான். இனிமே படியில உட்கார வேண்டாம்.”

அவள் வாங்கினாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது. அப்புறம் பையின் பக்கவாட்டு அறையைத் திறந்து நீல வில்லைச் சாவியை எடுத்தாள்.

“நேத்து இதைப் பார்த்தீங்களே அத்தான். இது நான் எடுத்திருக்கிற ரூம் சாவி. வேலைக்குப் பக்கத்துலயே. மாசம் பிறந்ததும் போறதாச் சொல்லியிருக்கேன். அக்காகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தள்ளிப் போட்டுட்டே வந்தேன்.”

அவர் கை நீட்டின இடத்திலேயே நின்றது. “எப்ப இருந்து?”

“கீபோர்டை பீரோவுல வச்சுப் பூட்டினீங்களே, அன்னையில இருந்து ரூம் பார்க்க ஆரம்பிச்சேன்.”

மொட்டைமாடிப் போன், பஸ் கிடைக்காத நாள், எல்லாம் அதுதான். அந்தச் சாவி என் கண்முன்னால் மேஜைமேல் கிடந்தது. எந்த வீட்டுச் சாவியடி என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

“அது நம்ம கதவுக்குப் பொருந்தலன்னதும் விட்டுட்டேன்” என்றார் அவர். யாரிடம் சொன்னாரோ.

“இரும்மா. அதான் எல்லாம் சரியாயிடுச்சே” என்று நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுதேன் என்பதை மறைப்பானேன், அழுதேன்.

“கோபமெல்லாம் இல்லக்கா. எனக்கு நிம்மதியாத் தூங்கணும் போல இருக்கு” என்றாள். புதுச் சாவியை என் கையில் வைத்தாள். “இது உன்கிட்ட இருக்கட்டும். நான் வந்தா பெல் அடிக்கிறேன் அத்தான். எனக்கு அது பழகிப்போச்சு.”

மாசம் பிறந்ததும், எங்களிடம் வந்தபோது கொண்டுவந்த அதே ஒரு பையோடு போனாள். பஸ் நிறுத்தம் வரை இவர்தான் தூக்கிக்கொண்டு போனார். “ஞாயித்துக்கிழமை வர்றேன் அத்தான்” என்று சொல்லிவிட்டு ஏறினாளாம். ஜன்னலோரம் இடம் கிடைத்ததாம். அதை மட்டும் வந்து என்னிடம் சொன்னார்.

கம்ப்யூட்டர் இப்போது நன்றாக ஓடுகிறது. பிளக்கை அவர் பிடுங்குவதில்லை. மூலையில் டேப்பின் பசை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மதியத்தில் யாரும் அதில் உட்காருவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஹாலில் வந்து உட்கார்ந்துகொண்டார். பேப்பர் கையில் இருந்தது, பக்கம் திருப்பவில்லை. பெல் ஒரு தடவை அடித்தது. நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் எழுந்து போய், யாரென்று கேட்காமல், கதவை அகலத் திறந்தார். தண்ணீர் கேன் போடுகிறவர் தோளில் கேனோடு நின்றார். இத்தனை வருஷமாக இரண்டு தடவை பெயரும் ஒரு தடவை கடைப் பெயரும் சொன்ன பிறகே இந்த வீட்டுக்குள் நுழைந்தவர் அவர். அகலத் திறந்த கதவைப் பார்த்ததும் அவருக்குப் பகீரென்றிருக்க வேண்டும்.

“சார், வீட்ல ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்ல. உள்ள வை” என்றார் இவர். அவர் கேனை வைத்துவிட்டுப் போனபிறகும் கதவைச் சாத்தவில்லை.